தையல் கடை நம்பர்

1. பென் டிரைவ் காலம்

என்னைத் தரவுப் பிரிவுக்கு மாற்றிய அன்று, பழைய செக்‌ஷனில் எனக்குத் துக்கம் விசாரிக்காததுதான் குறை. யாரோடு சண்டை போட்டீர்கள் மேடம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சண்டை போட்டது உண்மைதான். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

நான் வேலை பார்த்தது மதுரைப் பக்கம் ஓர் அரசு அலுவலகம். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், இன்னும் அங்கே இருப்பவர்கள் என் சிநேகிதர்கள். என் வேலையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு துறை தன்னிடம் இருக்கும் மக்கள் விவரத்தை இன்னொரு துறைக்குக் கொடுக்க வேண்டுமென்றால், அந்தக் கோப்பு என் மேஜைக்கு வரும். கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம், வாங்கியவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்டால்தான் விவரம் நகரும்.

எனக்கு முன்னால் அப்படி ஒரு மேஜையே இல்லை. பென் டிரைவ்தான். ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்கு ஒருவர் வருவார், “அண்ணே, அந்த எக்செலைக் கொஞ்சம் போட்டு விடுங்கண்ணே” என்பார், டீ குடிப்பார், போய்விடுவார். அந்த எக்செலில் ஒரு தாலுகாவே இருக்கும். அதற்குப் பிறகு அது எந்த லேப்டாப்பில் கிடக்கிறது, யார் பிள்ளை அதில் கேம் விளையாடுகிறான் என்பதெல்லாம் ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

நான் உட்கார்ந்த முதல் நாளே ஓர் அதிகாரி வந்தார். பிளஸ் டூ படிக்கிற பெண் பிள்ளைகள் எல்லோருடைய வீட்டு போன் நம்பரும் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “எதுக்குன்னா? கவர்மெண்ட் டேட்டா, கவர்மெண்ட் ஆளு கேக்குறேன்” என்றார். ஏதோ விழாவுக்குக் கூட்டம் சேர்க்க வேண்டுமாம், எல்லோருக்கும் மெசேஜ் போட வேண்டுமாம்.

“கவர்மெண்ட் உங்க வீட்டுப் பீரோ இல்ல சார், தெறந்து எடுத்துக்கிறதுக்கு” என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அவர் மேலே போய்ப் புகார் சொன்னார், நானும் மேலே போய் விளக்கம் சொன்னேன். திரும்பி வந்து ஒரு தாளில் மூன்று கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். எதுக்கு? எம்புட்டு? எப்ப வரைக்கும்? வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு முட்டுக்கட்டை மேடம் என்று பெயர். பட்டப்பெயர் வைத்தால் எல்லோரும் கோபப்படுவார்கள், எனக்கு அது பிடித்துப் போய்விட்டது.

2. ஒரு குடும்பம், ஒரு நம்பர்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது எங்கள் பிரிவுக்குப் புதிய அதிகாரி வந்தார். சின்ன வயசு, நேரடித் தேர்வில் வந்தவர், நடப்பதே ஓட்டம் மாதிரி இருக்கும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எதையும் இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்கிற ரகம்.

அவருக்கு ஒரு தலைவலி இருந்தது. துறைகள் மக்களுக்கு அனுப்புகிற எஸ்.எம்.எஸ். பாதி போய்ச் சேருவதில்லை என்று புகார் மேல் புகார். பென்ஷனில் ஒரு நம்பர், ஆஸ்பத்திரியில் ஒரு நம்பர், ரேஷன் கார்டில் ஒரு நம்பர் என்று ஒரே ஆளுக்கு மூன்று விதமாக இருந்தது. அவர் கண்டுபிடித்த வைத்தியம் இது. ரேஷன் கார்டு எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதில் இருக்கிற நம்பரை எடுத்து எல்லாத் துறைப் பதிவிலும் பழைய நம்பருக்கு மேலே ஏற்றிவிடுவது. ஒரு குடும்பம், ஒரு நம்பர். மேலிடத்து ரிவ்யூ கூட்டத்துக்கு முன்னால் முடித்துக் காட்ட வேண்டும் என்று துடித்தார்.

காகிதத்தில் பார்த்தால் அழகான யோசனை. எனக்கே முதலில் அப்படித்தான் பட்டது.

எங்கள் பிரிவில் மகேந்திரன் என்றொரு புரோகிராமர், ஒப்பந்தத்தில் இருந்தவன், கெட்டிக்காரன். அவன் எல்லாத் துறைப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு விசித்திரம் கிடைத்தது. ஒரே ஒரு மொபைல் நம்பர், சம்பந்தமே இல்லாத ஏகப்பட்ட பேருடைய பதிவில் உட்கார்ந்திருந்தது. முதியோர் பென்ஷனில் இருந்தது, தடுப்பூசியில் இருந்தது, பட்டா மனுவில் இருந்தது, வேலை விண்ணப்பத்தில் இருந்தது. எல்லாம் கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். நம்பர் பாண்டியம்மாள் என்கிற பெண்ணுடையது.

“புரோக்கர்” என்றார் அதிகாரி, ஒரே வார்த்தையில். “ஊர் முழுக்க அப்ளிகேஷன் போட்டுக் குடுத்து கமிஷன் அடிக்கிறா. நம்பரை போலீஸுக்கு அனுப்பிடலாம் மேடம். அப்படியே அந்த ரேஷன் டேட்டா ஃபைல்ல ஒரு கையெழுத்து.”

நான் இதுவரை பார்த்த புரோக்கர்கள் யாரும் சொந்த நம்பரைக் கொடுத்து மாட்டிக்கொண்டதில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஊருக்குப் போய் ஒருதரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். ரிவ்யூவுக்கு நாள் இல்லை என்று அவர் முணுமுணுத்தார். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

3. ஆணியில் தொங்கிய போன்

பாண்டியம்மாள் வைத்திருந்தது ஒரு தையல் கடை. கடை என்றால் வீட்டின் முன் அறைதான். ஒரு மிஷின், வெட்டிப் போட்ட துணி, சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில், மஞ்சள் பைக்குள் ஒரு போன் தொங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது வயதை ஒட்டிய பெண், வாட்டசாட்டம், வாயில் ஊசி. நான் வாய் திறப்பதற்குள், “ஜாக்கெட் அளவு கொண்டாந்திருக்கீகளா, இல்ல அளவெடுக்கணுமா?” என்றாள்.

நான் யார் என்று சொன்னேன். அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து, கேஸ்காரன் வாசலில் நிற்கிறான், நம்பர் வந்துச்சா அக்கா என்று கேட்டாள். பாண்டியம்மாள் எழுந்திருக்காமலேயே பையிலிருந்து போனை எடுத்து, ஓடிபியைப் படித்துச் சொல்லி, திரும்பவும் ஆணியில் மாட்டினாள். இப்படி நான் இருந்த நேரத்தில் மூன்று நான்கு பேர் வந்து போய்விட்டார்கள்.

காசு ஏதாவது வாங்குவியா என்று நேரடியாகவே கேட்டேன். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஓடிபி சொல்வதற்குக் காசு வாங்கினால் தன் கை விளங்காது என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, ஆனால் ஓடிபிக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு ஒரு ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள், அதை வேண்டாம் என்று தான் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊருக்கு வேறு தையல்காரி பிழைக்க வர முடியாது.

ஏன் எல்லோரும் உன் நம்பரையே கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

“ஆம்பளைக போன எடுத்துக்கிட்டு விடியக்காலமே கப்பலூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போயிருதாங்க மேடம். வேற கம்பெனிக்காரன் ஓசி ஆபர் போட்டா சிம்ம மாத்திருவாங்க. பொம்பளைகளுக்கு வார மெசேச யாரு பாக்குறது? என் நம்பரு மட்டுந்தேன் மாறாம கெடக்கு. நான் எங்கயும் போறதுமில்ல.”

இதில் போலீஸுக்கு அனுப்ப என்ன இருக்கிறது? நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். உனக்குத் தொல்லை வராது, எல்லோருடைய பதிவிலும் அவரவர் ரேஷன் கார்டில் இருக்கிற போன் நம்பரை ஏற்றப் போகிறோம், இனிமேல் நிம்மதியாகத் தைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். நல்ல செய்தி சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஸ்கூட்டியை எடுக்கும்போது பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். கடைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தவள். சத்யா என்று பேர் சொன்னாள், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். கண்ணில் தண்ணீர் நின்றது.

“மேடம், என் நம்பர மட்டும் மாத்திராதீக. அங்கன்வாடி வேலைக்குப் போட்டிருக்கேன். இன்டர்வியூ மெசேசு வாரது வரைக்குமாச்சும் விட்டுருங்க.”

விஷயத்தைக் கேட்டேன். அவர்களுடையது கூட்டுக் குடும்பம், ஒரே ரேஷன் கார்டு. அதில் இருப்பது அவள் கணவருடைய அண்ணன் நம்பர். அந்த அண்ணனுடைய மனைவி, அதாவது சத்யாவுக்கு ஓரகத்தி, அவளும் அதே அங்கன்வாடி வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஊருக்கு ஒரே ஒரு வேலை. அழைப்புக் கடிதம் தபாலில் வருகிற வழக்கமும் நின்றுபோய், எஸ்.எம்.எஸ். மட்டும்தான். நம்பரை மாற்றினால் இவளுக்கு வர வேண்டிய மெசேஜ், போட்டிக்கு நிற்பவளின் புருஷன் சட்டைப் பையில் போய் விழும்.

“அவரு மோசமானவரு கெடையாது மேடம். ஆனா அவரு பொஞ்சாதிக்குத்தான அவரு பாப்பாரு?” என்றாள்.

இத்தனை வருஷம் மூன்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள் நான். எதுக்கு என்று கேட்டிருந்தால் போதுமே! அந்த மனிதர் தன் நம்பரைக் கொடுத்தது அரிசி வந்திருக்கிறதா, பருப்பு வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. தம்பி மனைவியின் வேலைச் செய்தியைக் கேட்டு வாங்கி வைக்க அவர் கொடுக்கவில்லை, அவளும் கொடுக்கச் சொல்லவில்லை. ஃபைலில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். கப்பலூர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியில் வரும்போது மனசு லேசாக இருந்தது.

4. “வாய்மொழி உத்தரவு மேடம்”

அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். புரோக்கர் இல்லை என்றதும் அதை உடனே விட்டுவிட்டார், அந்தப் பெருந்தன்மை அவரிடம் உண்டு. ஆனால் நம்பர் விஷயத்தில் அசையவில்லை. ஒரு வீட்டு மருமகள்கள் சண்டைக்காக ஒரு மாவட்டத்து வேலையை நிறுத்துவீர்களா என்று கேட்டார். ஒரு வீடு இல்லை சார், அந்த ஊரில் ஒவ்வொரு நம்பருக்குப் பின்னாலும் இப்படி ஒரு காரணம் இருக்கும், ஆளைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்றேன். பேச்சு நீண்டது. கடைசியில், யோசிக்கலாம் என்றார். யோசிக்கலாம் என்றால் என் பக்கம் பாதி ஜெயம் என்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் நான் பையை வைப்பதற்குள் மகேந்திரன் வந்து நின்றான். அவன் முகமே சரியில்லை.

“மேடம், நேத்து நீங்க ஊருக்குப் போனப்பவே ஒரு ஒன்றியத்துக்கு மட்டும் ஓட்டிட்டோம். சும்மா டெஸ்டிங். சார் வாய்மொழியா சொன்னாரு.”

இதை வெளியாட்கள் புரிந்துகொள்வது கஷ்டம், அதனால் விளக்குகிறேன். சோதனை செய்து பார்க்க எங்களுக்குத் தனி சர்வர் கிடையாது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம். ஆகையால் எங்கள் ஆட்கள் எப்போதும் செய்வது, ஏதாவது ஒரு சின்ன ஒன்றியத்தைப் பிடித்து உண்மையான பதிவிலேயே ஓட்டிப் பார்ப்பது. சரியாக வந்தால் டெஸ்டிங், கோளாறானால் திரும்ப மாற்றிவிட வேண்டியது. அதற்குப் பேர் டெஸ்டிங்! எங்கே நம்பர் அதிகமாகக் குழம்பிக் கிடக்கிறதோ அங்கேதான் சோதனை நன்றாகத் தெரியும் என்று, பாண்டியம்மாள் ஊர் இருக்கிற ஒன்றியத்தையே எடுத்திருக்கிறார்கள். மகேந்திரன் பழைய பதிவைப் பேக்கப் எடுத்து வைத்திருந்தான், அது புண்ணியம்.

உடனே பழையபடி மாற்று என்றேன். மாற்றிவிட்டேன் மேடம், ஆனால் அதற்குள் அங்கன்வாடிக்காரர்கள் காலையில் இன்டர்வியூ மெசேஜ் அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லிப் பட்டியலைக் காட்டினான், சத்யா பெயர் அதில் இருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள்தான் அந்தப் பெண்ணிடம் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நான் சொல்லிக்கொண்டு நின்ற நேரத்திலேயே இங்கே காரியம் முடிந்திருக்கிறது.

அதிகாரியிடம் ஓடினேன். அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அதனால என்ன மேடம்? மெசேஜ் அவங்க வீட்டுக்குத்தானே போயிருக்கு?”

“வீட்டுக்குப் போச்சு சார். ஆளுக்குப் போகலை.”

நான் என் மேஜைக்கு வந்துவிட்டேன். பாண்டியம்மாள் நம்பர் என் நோட்டில் இருந்தது. ஒரு போன் போட்டு, சத்யாவுக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது, இந்தத் தேதி, இந்த இடம் என்று சொன்னால் முடிந்தது. கை போன் வரைக்கும் போய்விட்டது. அந்தப் பெண் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஆனால் நான் எப்படிச் சொல்வது? அந்தத் தேதி எனக்குத் தெரிந்தது என் வேலையால். வேலையில் கைக்கு வந்த விவரத்தை எடுத்து, எனக்குத் தெரிந்த ஒருத்திக்கு மட்டும் தனியாகச் சொன்னால், பென் டிரைவ் கொண்டு வந்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு அந்த ஓரகத்தி, என் போட்டிக்காரிக்கு ஆபீஸிலிருந்தே போன் வந்தது என்று சொன்னால் அவள் சொல்வது நியாயம்தானே? அதோடு, அந்த ஒன்றியத்தில் சத்யா மாதிரி இன்னும் எத்தனை பேருக்கு மெசேஜ் தப்பான கைக்குப் போயிருக்கிறதோ. அவர்களுக்கு யார் போன் போடுவார்கள்? எனக்கு அழுகை அழுகையாக வந்தது. போனை எடுத்து டிராயருக்குள் போட்டேன்.

5. யார் கையெழுத்து

அங்கன்வாடித் துறையில் பொறுப்பில் இருந்த ஓர் அம்மாளிடம் பேசினேன். ரொம்பக் கறாரானவர், அந்தக் காலத்து ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி. ஒரு தடவை அனுப்பிய அழைப்பைத் திரும்ப அனுப்ப மாட்டோம், அனுப்பினால் யாருக்கோ சலுகை காட்டினோம் என்று மொட்டைக் கடுதாசி வரும் என்றார். பிறகு குரலைத் தணித்து, உங்கள் பக்கம் தப்பு நடந்துவிட்டது என்று எழுத்தில் கொடுங்கள், நம்பர் மாறிய அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி மறுபடி அனுப்புகிறேன் என்றார். நான் எதிர்பார்த்ததும் அதுதான்.

கடிதத்தை நானே எழுதினேன். சுற்றி வளைக்கவில்லை. எங்கள் பிரிவில், உரிய ஒப்புதல் இல்லாமல், ரேஷன் அட்டையில் உள்ள கைபேசி எண்கள் பிற துறைப் பதிவில் ஏற்றப்பட்டன. இது எங்கள் தவறு. பழைய எண்கள் மீண்டும் ஏற்றப்பட்டுவிட்டன. பாதிக்கப்பட்ட அனைவருக்கும் அழைப்பைத் திரும்ப அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் அதிகாரி படித்தார். திரும்பவும் படித்தார். “எங்கள் தவறு” என்பதை எடுத்துவிட்டு “தொழில்நுட்பக் காரணங்களால்” என்று போடலாமா என்றார். தொழில்நுட்பம் தானாகப் போய் நம்பரை மாற்றவில்லை சார் என்றேன். ரிவ்யூவுக்கு முந்தின வாரம் இப்படி ஒரு கடிதம் என் ஆபீஸிலிருந்து போனால் என்னை என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். பாவமாகத்தான் இருந்தது. அவர் வயசில் எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

“நான் போட்டுடறேன் சார் கையெழுத்து. எனக்கு இனிமே பிரமோஷனும் இல்ல, டிரான்ஸ்பரும் இல்ல. ஒரு மெமோ வந்தா வாங்கிக்கிட்டுப் போறேன்” என்றேன். வீராப்புக்குச் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே அது பெரிய விஷயமாகப் படவில்லை, அந்தப் பெண்ணின் இன்டர்வியூதான் பெரிதாக இருந்தது.

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். டீ வந்தது, ஆறிப்போனது. அப்புறம் வந்து பேனாவை எடுத்தார்.

“ஓட்டச் சொன்னது நான். நீங்க போட்டா கடிதமே பொய்யாயிடும் மேடம்” என்றார். கையெழுத்துப் போட்டு, சீல் வைக்கச் சொன்னார்.

அன்று சாயங்காலமே மெசேஜ் திரும்பப் போனது. ரிவ்யூவில் அவருக்கு நல்ல திட்டு விழுந்தது என்று கேள்வி. திரும்பி வந்து, இனி உங்கள் வழியிலேயே ஆளைக் கேட்டுச் செய்வோம், ஆனால் கொஞ்சம் சீக்கிரம் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். சோதனைக்குத் தனி சர்வர் வேண்டும் என்று அவரே எழுதினார், அதுவும் வந்து சேர்ந்தது. அவர் இப்போது வேறு மாவட்டத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கும்.

6. முகாம்

ஆளைக் கேட்பது என்றால் ஊர் ஊராகப் போக வேண்டும். முதல் முகாமைப் பாண்டியம்மாள் ஊர்ச் சமுதாயக் கூடத்திலேயே போட்டோம். மகேந்திரன் லேப்டாப்போடு உட்கார்ந்தான், நான் பக்கத்தில். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான். உங்களுக்கு வருகிற மெசேஜ் யார் போனுக்கு வர வேண்டும்? அடுத்தவர் நம்பரைச் சொன்னால், அந்த நம்பர்க்காரரும் வந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

அதனால் பாண்டியம்மாளை மிஷினை விட்டு எழுப்பிக் கூட்டிவந்து நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார வைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பேருக்கும், “சரி, எழுதுங்க, எழுதுங்க” என்று அலுத்துக்கொண்டாள். ஒரே ஒரு பெரியவருக்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டாள். அவருக்கு வருகிற மெசேஜ் எல்லாம் லாட்டரி விழுந்திருக்கிறது என்கிற மோசடி மெசேஜாம், அதைப் படித்துக் காட்டச் சொல்லித் தினமும் வந்து உயிரை எடுக்கிறாராம். கூடமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே தன் மகள் நம்பரைக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில் அங்கன்வாடி முடிவு வந்துவிட்டிருந்தது. நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்கலாம், ஒரு போனில் சொல்வார்கள். அது எனக்குத் தேவையில்லாத விவரம். ஆனால் உள்ளுக்குள் அரித்துக்கொண்டேதான் இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் சத்யா வந்தாள். பின்னாலேயே இன்னொரு பெண், கொஞ்சம் பெரியவள், தலை நிறைய பூ. அவள்தான் ஓரகத்தி என்று பார்த்ததும் தெரிந்தது, இருவரும் ஒரே மாதிரிச் சேலை கட்டியிருந்தார்கள். நான் கேட்பதற்கு முன்னால் சத்யாவே ஆரம்பித்தாள்.

“மொத மெசேசு எங்க மூத்தாருக்கு வந்துச்சு மேடம். ஒளிக்கல, சொன்னாரு. சொல்லிப்புட்டு, ஒரே வீட்டுல இருந்து ரெண்டு பேரு போயி நின்னா ஊரு சிரிக்கும், பெரியவ போகட்டும், நீ அடுத்த வாட்டி பாத்துக்கோன்னாரு. நானும் சரின்னு தலைய ஆட்டிட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் தையல் கடைக்கு வந்துச்சுல்ல. அவரு போன்ல இருந்தப்ப அவருக்கு வந்த சேதி மாதிரி இருந்துச்சு மேடம். இங்கன வந்தப்பத்தான் எனக்கு வந்த மாதிரி இருந்துச்சு. என்னயக் கூப்பிட்டிருக்காக, நான் போறேன்னு சொல்லிட்டேன். அக்காவும் நானும் ஒரே பஸ்ல போனோம்.”

அந்த ஓரகத்தி பின்னாலிருந்து, ஆமாம், டிக்கெட் கூட இவள்தான் எடுத்தாள் என்றாள். வேலை யாருக்குக் கிடைத்தது என்று அவள் தலைப் பூவைப் பார்த்ததுமே தெரிந்தது. எனக்கு முகம் வாடியிருக்க வேண்டும். சத்யா அதைக் கவனித்துவிட்டாள்.

“வருத்தப்படாதீக மேடம். கேட்டாக, தெரிஞ்சதச் சொன்னேன், பத்தல. நானே போயி நானே தோத்தேன். அது வேற.”

முப்பது சொச்சம் வருஷம் அரசாங்க வேலை பார்த்ததில் என் காதில் இவ்வளவு நிறைவாக ஒரு பேச்சு விழுந்ததில்லை. இந்த வேலைக்கு வருகிற சின்னவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் இதுதான். விவரத்தைக் காவல் காக்கிற நாம் யாருக்கும் வேலை வாங்கித் தர முடியாது, தரவும் கூடாது. அவரவருக்கு வர வேண்டியது அவரவரிடம் போய்ச் சேருகிறதா என்று பார்க்கலாம். அதற்குப் பிறகு ஜெயிப்பதும் தோற்பதும் அவர்கள் பாடு. அந்தப் பாட்டை அவர்களே படட்டும், அடுத்தவர் சட்டைப் பையில் அது முடிந்துபோக வேண்டாம்.

சத்யாவின் பதிவில் தையல் கடை நம்பரையே வைத்தோம். பாண்டியம்மாள், “எழுதுங்க” என்றாள். அடுத்து ஓரகத்தி முன்னால் வந்தாள். மகேந்திரன் திரையைப் பார்த்து, உங்களுக்கு உங்கள் வீட்டுக்காரர் நம்பர்தான் இருக்கிறது, அப்படியே இருக்கட்டுமா என்று கேட்டான்.

அவள் வாசல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“இம்புட்டு நாளு அவரு நம்பரு சரிதேன் தம்பி. இப்ப சம்பளம் வரப் போகுதுல்ல? தையல் கடை நம்பரவே போட்டுருங்க.”